விளக்கு எரிகிறது, வழி தெரியவில்லை



இரவு பத்து மணிக்குமேல் புதுப்பட்டினத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கற்பட்டுக்கு வரும் சாலையில் நீங்கள் பயணம் செய்திருக்கிறீர்களா? சதுரங்கப்பட்டினத்தில் கடலோரம் தொடங்கி, செங்கற்பட்டு, காஞ்சிபுரம், அரக்கோணம் என்று திருத்தணிவரை செல்லும் மாநில நெடுஞ்சாலையின் முதற் பகுதி அது. ஊர் வெளிச்சம் பின்னே மறைந்ததும் ஏரிக்கரையும் வயலும் பனைமரங்களும் இருளில் கரைந்துவிடும். வண்டியின் முகப்பு விளக்கு எவ்வளவு தூரம் காட்டுகிறதோ, அவ்வளவுதான் நம் கண்ணுக்கு உலகம்.

சென்ற ஆண்டு ஒரு நிக்காஹ் விருந்து முடிந்து, அந்த வழியாக ஒரு வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். பெண்களும் பிள்ளைகளுமாகப் பதினோரு பேர். பிள்ளைகள் உறங்கிவிட்டார்கள். ஓட்டுநர் பொறுப்பான மனிதர், வேகமாகவும் ஓட்டவில்லை. ஆயினும் திடீரென்று பிரேக்கை அழுத்தி, வண்டியை வலப்புறம் ஒடித்து நிறுத்தினார். உறங்கிய பிள்ளைகள் முன்னிருக்கையில் மோதி அலறினார்கள். சாலை நடுவே ஓர் எருமை படுத்திருந்தது. கருந்தாரின்மேல் கருநிறம். வண்டியின் மூக்குக்கும் அதற்கும் இடையே ஒரு பாய் விரிக்கும் அளவுக்குத்தான் இடைவெளி. வல்ல அல்லாஹ் காப்பாற்றினான்.

"பல்பு வீக்காயிடுச்சு ஹஜ்ரத். நாளைக்கே நூறு வாட்ஸ் பல்பு வாங்கிப் போட்டுடறேன்" என்றார் ஓட்டுநர்.

இறங்கி முன்புறம் போய்ப் பார்த்தேன். பல்பு நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னே இருந்த மூடிதான் பழைய தேநீர்க் கறைபோல் மஞ்சள் பாய்ந்து, சொரசொரத்து, பால் ஊற்றியதுபோல் கலங்கிக் கிடந்தது. உள்ளே எரியும் வெளிச்சம் வெளியே வர வழியின்றி அந்த மூடியிலேயே தங்கிவிட்டது. விளக்கே ஒளிர்ந்தது, சாலை ஒளிரவில்லை.

அதன் பிறகு நானும் கவனிக்கத் தொடங்கினேன். செங்கற்பட்டுப் பேருந்து நிலையத்தின் அருகிலும், நம் பள்ளிவாசல் வாசலில் ஜும்ஆ நாளில் நிற்கும் கார்களிலும், கோவளம் தர்காவுக்கு வியாழன் மாலை வந்து நிற்கும் வண்டிகளிலும் பாருங்கள். பழைய வண்டிகள் பலவற்றின் விளக்கு முகம் இப்படித்தான் இருக்கிறது. உரிமையாளரைக் கேட்டால், "கண்ணாடி கொஞ்சம் அழுக்காயிருக்கு, கழுவினால் போய்விடும்" என்பார். அது கழுவினால் போவதில்லை. காரணம், அது அழுக்கும் அன்று, கண்ணாடியும் அன்று.

கண்ணாடி என்ற பெயரில் பிளாஸ்டிக்

அம்பாசடர், பிரீமியர் பத்மினி ஆகிய கார்களை அறிந்த தலைமுறையினருக்கு அந்த வட்டமான விளக்குகள் நினைவிருக்கும். அவற்றின் முகம் மெய்யான கண்ணாடி. கல் பட்டால் உடையும். ஆனால் எத்தனை ஆண்டு வெயிலில் கிடந்தாலும் மஞ்சளாகாது. ஈரத்துணியால் ஒரு துடைப்பு, மீண்டும் புதிது. அமெரிக்காவில் 1940 முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குமேல் இத்தகைய கண்ணாடி விளக்குகளே சட்டப்படி கட்டாயமாக இருந்தன. 1983இல் அந்த விதி தளர்த்தப்பட்டது. அதன்பின் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கில் வார்த்த மூடிகள் வரத் தொடங்கி, காலப்போக்கில் உலகெங்கும் கார்களின் முகத்தையே மாற்றிவிட்டன.

பாலிகார்பனேட் எளிய பொருள் அன்று. 1953இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல் என்பவரும், அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் டேனியல் ஃபாக்ஸ் என்பவரும் ஒருவரையொருவர் அறியாமலேயே அதே ஆண்டில் கண்டுபிடித்தது அது. சுத்தியலால் அடித்தாலும் எளிதில் உடையாது. கண்ணாடியைவிட எடை மிகக் குறைவு. எந்த வளைவிலும் வார்க்கலாம். காவல்துறையினரின் தடுப்புக் கேடயம், தலைக்கவசத்தின் முகமூடி, மூக்குக்கண்ணாடி வில்லை எனப் பலவும் இதில் செய்யப்படுகின்றன. நம் வீட்டு அலமாரிகளில் தூசி படிந்து கிடக்கும் பயான் குறுந்தகடுகள்கூட இதே பொருள்தான். சாலைக்கல் பட்டுச் சிதறாத விளக்கு வேண்டுமென்று தேடியவர்கள் இதைத் தேர்ந்ததில் குறை சொல்ல இடமில்லை.

ஆனால் அதற்கு ஒரு பகை உண்டு. அது வெயில்.

சூரிய ஒளியில் நம் கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிர்கள் இருக்கின்றன. அவை பாலிகார்பனேட்டின் மூலக்கூறுகளை உடைத்து மாற்றிவிடுகின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜனும் அதில் சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் மேற்பரப்பு மஞ்சளாகிறது. இதைத் தடுப்பதற்காகவே தொழிற்சாலையில் மூடியின்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சு ஒன்றைப் பூசி அனுப்புகிறார்கள். அந்தப் பூச்சு இருக்கும்வரை விளக்கு தெளிவாக இருக்கும். அது தேய்ந்து, வெடித்து, உரிந்துவிட்டால், பிளாஸ்டிக் வெயிலுக்கு நேராகத் திறந்துவிடும். அதன்பின் மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகள் பரவுகின்றன. நாம் காணும் பால்நிறக் கலக்கம் அதுதான். தொடர்ந்து வெயிலில் நிற்கும் வண்டிகளில் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளிலேயே இது தலைகாட்டிவிடக்கூடும். சவூதியிலும் துபாயிலும் வண்டி ஓட்டிய நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அங்குள்ள வெயிலில் இந்த மஞ்சளை அவர்கள் நிரம்பப் பார்த்திருப்பார்கள்.

நம் பகுதியில் வெயிலோடு வேறு சிலவும் கூட்டுச் சேர்கின்றன. கடற்கரைச் சாலையில் காற்று மணலை வாரி எறிகிறது. கேளம்பாக்கம், கோவளம் பக்கத்து உப்பளக் காற்றில் உப்பு ஏறி மூடியின்மேல் காய்கிறது. கல்குவாரி லாரிகள் போகும் வழிகளில் கல்தூள் படிகிறது. மழைக்காலத்தில் கொளவாய் ஏரி, மதுராந்தகம் ஏரி ஓரம் ஈசலும் பூச்சியும் அப்பிக்கொள்கின்றன. இவையெல்லாம் தாமாக அதிகம் கெடுப்பதில்லை. காலையில் எழுந்ததும் பழைய பனியன் ஒன்றை எடுத்து, தண்ணீர் தெளிக்காமல் வறட்டுத் துணியாக அழுத்தித் தேய்க்கிறோமே, அப்போதுதான் மணலும் உப்பும் உப்புத்தாளாக மாறி அந்த மெல்லிய பூச்சைக் கீறிவிடுகின்றன. தார்ப்புள்ளியை எடுக்கப் பெட்ரோலும் தின்னரும் தொட்டுத் துடைப்பவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். பாலிகார்பனேட் அவற்றைத் தாங்காது, உள்ளுக்குள்ளேயே வெடிக்கும்.

எவ்வளவு ஒளி போகிறது?

அமெரிக்காவில் ஏ.ஏ.ஏ. என்று அழைக்கப்படும் வாகன ஓட்டிகள் சங்கம் 2018இல் இதை அளந்து பார்த்தது. பதினோரு ஆண்டு ஓடிய கார்களின் மங்கிய விளக்குகளைச் சோதித்தபோது, புதிய விளக்கு தரும் ஒளியில் சுமார் 20 விழுக்காடு மட்டுமே அவை தருவதாகத் தெரிந்தது. ஐந்தில் நான்கு பங்கு மூடியிலேயே தொலைந்துவிட்டது!

ஒளி ஐந்தில் ஒன்றாகக் குறைந்தால் பார்வை எட்டும் தூரமும் ஐந்தில் ஒன்றாகிவிடாது. தூரம் இரட்டிக்கும்போது ஒளி நான்கில் ஒன்றாகக் குறையும் என்பது கணக்கு. அதைத் திருப்பிப் போட்டால், முன்பு 100 மீட்டரில் கிடைத்த அதே வெளிச்சம் இப்போது சுமார் 45 மீட்டரில்தான் கிடைக்கும். சரி, 45 மீட்டர் போதாதா என்பீர்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, தடையைக் கண்டு பாதுகாப்பாக நிற்பதற்கு 120 மீட்டர் பார்வைத் தூரம் வேண்டும் என்று இந்தியச் சாலைப் பேராயம் வகுத்திருக்கிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் 180 மீட்டர். கடற்கரைச் சாலையில் இரவில் பறக்கும் கார்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் காணும் தூரத்தைவிட அவர்கள் நிற்கும் தூரம் அதிகம். கண்டபின் நிற்பதற்கு இடமே இல்லாத வேகம் அது. வைகறையில் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு குப்பத்திலிருந்து சாலையைக் கடக்கும் மீனவரும், ஃபஜ்ருக்குச் சைக்கிளில் வரும் பெரியவரும் அந்த இடைவெளியில்தான் அகப்படுகிறார்கள்.

இன்னொரு தீங்கையும் சொல்லியாக வேண்டும். போகாமல் தங்கிய ஒளி எங்கே போகிறது? அது அழிந்துவிடவில்லை, சிதறுகிறது. சாலையில் குவிய வேண்டியது மேலும் பக்கமும் தெறித்து, எதிரே வருகிறவரின் கண்ணில் விழுகிறது. நமக்கு வழி காட்டாத அதே விளக்கு அவருக்குக் கண்கூசுகிறது. முன்னாளில் பேருந்துகளின் முகப்பு விளக்கில் மேற்பாதியைக் கறுப்பு மையால் மறைத்திருப்பார்களே, அது இந்தக் கூச்சத்தைத் தடுப்பதற்குத்தான். அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்கு இருபது வயது இளைஞருக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒளியே போய்ச் சேர்கிறது என்று கண் அறிவியல் கூறுகிறது. அதில் கண்புரையும் சேர்ந்த ஒரு வாப்பாவோ சாச்சாவோ மொபெட்டில் எதிரே வந்தால் அவர் நிலை என்னவாகும்? பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவது நன்மை என்று மதரஸாவின் முதல் வகுப்பிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். எதிரே வருகிறவரின் கண்ணில் நாம் வீசும் கூச்சமும் அந்த முள்ளின் இனத்தைச் சேர்ந்ததுதான்.

நம் கண்ணுக்கு ஏன் தெரிவதில்லை?

"இருபது வருஷமா ராத்திரி ஓட்டுறேன், என் கண்ணுக்குத் தெரியாததா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தம் 'கிதாபுல் மனாழிர்' நூலில் இதற்கு அடிப்படையான உண்மையை நிறுவிவிட்டார். கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுப் பொருளைத் தொடுவதில்லை. பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணில் நுழைவதால்தான் நாம் பார்க்கிறோம். எனவே எருமையின் முதுகில் பட்டுத் திரும்பி வர ஒளியே போகவில்லை என்றால், எத்தனை கூரிய கண்ணும் குருட்டுக் கண்ணே.

மங்கல் ஒரே நாளில் வந்தால் எல்லாரும் பதறியிருப்போம். அது நாளுக்கு ஓர் இழை வீதம் வருவதால் கண் பழகிக்கொள்கிறது. சற்று மெதுவாக ஓட்டத் தொடங்குகிறோம். ஹைபீமை அடிக்கடி போடுகிறோம். "இந்த ரோட்டில் லைட்டே இல்லை" என்று பஞ்சாயத்தைக் குறை சொல்கிறோம். மூடி நினைவுக்கு வருவதே இல்லை.

சட்டமும் இதில் நம்மைத் தட்டி எழுப்புவதில்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், வண்டியின் விளக்குகள் 155 மீட்டர் முன்னே இருக்கும் ஆளையும் வண்டியையும் தெளிவாகக் காட்ட வேண்டும் என்று சொல்கின்றன. ஆனால் சொந்தக் காருக்குப் பதிவு ஒருமுறை முடிந்தால் பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதுவரை தகுதிச் சோதனை கிடையாது. விளக்கு ஐந்தாண்டில் மங்கத் தொடங்கினால், மீதிப் பத்தாண்டுக்கு அதைப் பார்க்க வேண்டியவர் வீட்டுக்காரர் ஒருவரே. மறைமலைநகரில் 2022இல் கார் உற்பத்தியை நிறுத்திய ஃபோர்டு தொழிற்சாலையின் வண்டிகள் இன்றும் நம் தெருக்களில் நிறைய ஓடுகின்றன. அவையெல்லாம் இந்த மங்கல் வயதை எட்டியவை அல்லது கடந்தவை.

என்ன செய்யலாம்?

முதலில் சோதனை. இரவில் சமதரையில், வெள்ளைச் சுவருக்கு இருபதடி முன்னே வண்டியை நிறுத்தித் தாழ்ந்த ஒளியை, அதாவது டிம்மைப் போடுங்கள். நல்ல விளக்கு சுவரில் ஒரு கோடு கிழித்ததுபோல் வெளிச்சத்தையும் இருளையும் பிரித்துக் காட்டும். பெரும்பாலான கார்களில் அந்தக் கோடு இடப்பக்கம் சற்று மேலேறும். நாம் இடப்புறம் ஓட்டுகிறவர்கள் அல்லவா, ஓரத்தில் நடப்பவரைக் காட்டுவதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். கோடே இல்லாமல் சுவரெங்கும் மஞ்சள் மூட்டமாகப் பரவினால் மூடி போய்விட்டது என்று பொருள். இரண்டு விளக்கும் ஒரே அளவில் மங்குவதில்லை. வண்டி தினமும் எந்தப் பக்கமாக நிற்கிறதோ, அதற்கேற்ப வெயில் படும் பக்கம் முந்திக்கொள்ளும்.

பெரிய வாட் பல்பு மருந்தாகாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் பலரும் முதலில் ஓடுவது அதற்குத்தான். நம் கார்களில் பரவலாக உள்ள எச்-4 பல்பின் அளவு 60/55 வாட். அந்தக் கூட்டில் நூறு வாட்டைச் செருகினால் ஹோல்டர் உருகும், வயர் சூடேறும், உள்ளிருக்கும் வெள்ளிப் பூச்சு கருகும். கலங்கிய மூடி அந்த அதிக ஒளியையும் சிதறடித்து எதிரே வருபவரைத்தான் குருடாக்கும். வெள்ளை எல்.இ.டி. பல்பைப் பழைய கூட்டில் மாட்டுவதும் இதே கதை.

பற்பசை தேய்க்கலாம் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். சற்றுப் பளபளக்கும், சில வாரங்களில் பழையபடி ஆகும். எண்ணெய், டீசல் தடவுவது ஏமாற்று வேலை. கீறல்களை எண்ணெய் நிரப்பி இரண்டு நாள் தெளிவுபோல் காட்டும், அவ்வளவுதான். கொசுவிரட்டித் தைலத்தைத் தடவுகிறவர்களும் உண்டு; அது பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே இளக்கிவிடும்.

முறையான வழி ஒன்று உண்டு. மூடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, சுற்றியுள்ள பெயின்டை டேப் ஒட்டி மறைத்து, வாட்டர் பேப்பரைத் தண்ணீரோடு தேய்க்க வேண்டும். முதலில் 800 அல்லது 1000 எண், பிறகு 1500, 2000, இறுதியில் 3000. தேய்க்கும்போது மஞ்சள் நீர் வழியும். அது வெண்மையாகும்வரை விடக்கூடாது. அடுத்துக் கட்டிங் பாலிஷ் போட்டால் தெளிந்துவிடும். பல கடைகளில் இத்தோடு வேலை முடிந்தது என்று பணம் வாங்கிக்கொள்வார்கள். உண்மையில் முக்கியமான பாதி இனிமேல்தான். பழைய பூச்சை முழுவதும் எடுத்துவிட்டோம். பிளாஸ்டிக் இப்போது வெறும் மேனியாக நிற்கிறது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் அதன்மேல் அடிக்கவில்லை என்றால் சில மாதங்களில் முன்னைவிட வேகமாக மஞ்சளாகும். கடைக்காரரிடம், "பாலிஷுக்குப் பிறகு என்ன அடிப்பீர்கள்?" என்று கேளுங்கள். பதிலைக் கேட்டாலே அவர் வேலை தெரிந்தவரா என்பது புரிந்துவிடும்.

இதனால் விளக்கு முற்றிலும் புதிதாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அந்த அமெரிக்கச் சோதனையில் மெருகேற்றிய விளக்குகள் சுமார் 70 விழுக்காடு ஒளியை மீட்டன. கம்பெனியின் அசல் புதிய விளக்கு நூறும் தந்தது. வெளிக்கம்பெனி விளக்குகள் 83 முதல் 90 விழுக்காடுவரை தந்தன. இருபதிலிருந்து எழுபது என்பது சிறிய மீட்சி அன்று. செலவும் புதிய விளக்கு வாங்குவதில் ஒரு சிறு பகுதியே. வெடிப்பு உட்புறம்வரை போயிருந்தால் மட்டும் மெருகு பயன்படாது, மாற்றத்தான் வேண்டும். உள்ளே நீர்த்துளி கோத்திருந்தால் அது வேறு நோய். ரப்பர் சீல் விட்டிருக்கும், வெளியே எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

பிறகு காப்பது எளிது. வண்டியின் முகம் சுவர் நிழலுக்கோ மர நிழலுக்கோ இருக்குமாறு நிறுத்துங்கள். முதலில் தண்ணீர் ஊற்றி மணலை இறக்கிவிட்டுப் பிறகு துணி போடுங்கள். காய்ந்த பூச்சியைச் சுரண்டாமல் ஈரத்துணியைச் சற்று நேரம் போர்த்தி வையுங்கள். ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிளின் விளக்குக்கும், தலைக்கவசத்தின் முகமூடிக்கும் இதே மரியாதை வேண்டும். கீறல் விழுந்த முகமூடியோடு இரவில் எதிர்வெளிச்சத்தைப் பார்த்த இளைஞர்களுக்கு நான் சொல்வது புரியும்.

வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளையை அழைக்கவும், உம்ராவுக்குப் போகிறவர்களை வழியனுப்பவும் மதுராந்தகம், செங்கற்பட்டு வழியாக மீனம்பாக்கத்துக்கு நடுநிசியில் வண்டி எடுக்காத குடும்பம் நம்மில் குறைவு. ஜி.எஸ்.டி. சாலையோரம் பின்விளக்கு இல்லாமல் நிற்கும் லாரிகள் எத்தனை! வாடகைக்கு வண்டி பேசும்போது, ஏ.சி. உண்டா, பாட்டு உண்டா என்று விசாரிக்கிறோம். அடுத்த முறை வண்டி வாசலுக்கு வந்ததும் அதன் முகத்தையும் ஒருமுறை பாருங்கள்.

மாமல்லபுரத்தின் கலங்கரை விளக்கம் 1904 முதல் எரிகிறது. அதற்கு முன்னே அருகிலுள்ள பழைய பல்லவர் கோயிலின் மேல்தளத்தில் விளக்கு வைத்துக் கப்பல்களுக்கு வழி காட்டினார்கள். கலங்கரை விளக்கக் காவலர்களின் அன்றாட வேலைகளில் எண்ணெய் ஊற்றுவதோடு கண்ணாடியைத் துடைப்பதும் ஒன்றாக இருந்தது. சுடர் எவ்வளவு பெரிதானாலும், கண்ணாடி மங்கினால் கடலில் இருப்பவனுக்கு அது இல்லாததற்குச் சமம் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள்.

நம் வேன் ஓட்டுநர் நூறு வாட் பல்பு வாங்கவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒருநாள் இஷாவுக்குப் பின் மதரஸாவின் வெள்ளைச் சுவருக்கு எதிரே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி விளக்கைப் போட்டார். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். வலது விளக்கின் வெளிச்சம் இடப்பக்கம் மேலேறிய கோடாகச் சுவரில் விழுந்தது. இடது விளக்கில் கோடு தெளிவாக இல்லை. குனிந்து பார்த்துவிட்டு, "உள்ளே ஈரம் கோத்திருக்கு ஹஜ்ரத். நாளைக்குக் கழற்றிச் சீலைப் பார்க்கிறேன்; அதுவரைக்கும் ராத்திரி சவாரி எடுக்கிறதில்லை" என்றார்.